ஊரில் ஆங்கில வகுப்பு தொடங்கும் தங்கச்சிக்கு ஒரு பதில்

வந்த கேள்வி சுருக்கமாக இது. "ஆங்கில டிப்ளோமா முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறேன். திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் எங்கள் ஊரில் தரம் 6 முதல் 10 வரையான பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறில் வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். பிள்ளைகள் ரென்ஸ் (வினைக் காலங்கள்) எல்லாம் பாடமாக ஒப்புவிக்கிறார்கள். ஆங்கிலத்தில் கதைக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தமிழில் விளக்கலாமா? கிராமரில் தொடங்கவா, ஸ்போக்கனில் தொடங்கவா? பெற்றோருக்கு ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) பெறுபேறும் வேணும், பிள்ளை சரளமாகக் கதைக்கவும் வேணும். எல்லாத் தரத்தையும் ஒன்றாக இருத்தலாமா?"

தங்கச்சி, முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். நம் பிள்ளைகள் தரம் 3 முதல் 11 வரை ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். ஒன்பது வருடம். விடுமுறை, விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் இல்லாத தவணை எல்லாவற்றையும் கழித்து, கஞ்சத்தனமாகக் கணக்குப் பார்த்தாலும் 700, 800 மணித்தியாலம் வரும். கேம்பிரிட்ஜ் பரீட்சைப் பிரிவினர் தரும் உத்தேச அளவுப்படி, பயணத்தில் சமாளித்து, தன்னைப் பற்றியும் தன் அனுபவங்களைப் பற்றியும் கோர்வையாகச் சொல்லத் தெரிகிற பி1 நிலைக்கு 350 முதல் 400 மணித்தியால வகுப்பு போதும். அப்படியென்றால் நம் பிள்ளைகளின் நேரம் எங்கே போனது?

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வையுங்கள். ரீச்சர் வாயே திறக்காமல் எல்லோரையும் முறைக்குக் கதைக்கவிட்டாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். உண்மையில் அதுவும் கிடைப்பதில்லை. 40 நிமிடத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தைப் பற்றித் தமிழில் நடக்கும் பேச்சு. மிச்சம் போர்டில் இருப்பதைக் கொப்பியில் எழுதுவது. ஆக ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை காதால் கேட்ட, கண்ணால் வாசித்த, வாயால் சொன்ன ஆங்கிலத்தை எல்லாம் கூட்டினால் மிகக் கொஞ்சம். உங்கள் பிள்ளைகள் தலை குனிவதற்கு முக்கியக் காரணம் அதுதான். இலக்கணம் அவர்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. சனி ஞாயிறு வகுப்பிலும் அதே இலக்கணத்தை இன்னொரு தடவை ஊற்றினால் பெற்றோரின் காசும் உங்கள் தொண்டையும்தான் வீண்.

இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் உப்புவெளிக் கடற்கரைக்குப் போங்கள். திமிங்கிலம் காட்டவும் புறாத்தீவுக்கும் படகு விடுகிற பெடியன்களைக் கவனியுங்கள். ஓ.எல்.-இல் ஆங்கிலத்துக்கு டபிள்யூ எடுத்துத் தோற்றவனும் அதில் இருப்பான். விலை, நேரம், கடல் எப்படி, எத்தனை பேர், சாப்பாடு உண்டா என்பதெல்லாம் தட்டுத்தடங்கல் இல்லாமல் வரும். ஒரே வசனத்தை ஒரு சீசனில் நூற்றுக்கணக்கான தடவை, தேவையோடு, உண்மையான ஆளிடம் சொல்கிறான். பிறகு ஏன் வராது? 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போகும்வரை டொக்யார்ட்டில் வேலை செய்த பழைய ஆட்களின் ஆங்கிலமும் இந்த வகைதான். புத்தகம் தொடாமல் காதால் பிடித்தது.

ஆனால் அந்தப் படகுப் பெடியனிடம் "புறாத்தீவில் பவளப்பாறை ஏன் செத்துப் போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள், ஆங்கிலம் கரையோடு நின்றுவிடும். ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லிப் பாருங்கள், பேனையைத் தூக்க மாட்டான். "கிராமரே வேண்டாம், கதைத்தால் போதும்" என்று போஸ்டர் ஒட்டுகிற 30 நாள் வகுப்புக்காரரோடு எனக்கு ஒத்துவராதது இந்த இடத்தில்தான். நம் பிள்ளைக்கு ஆங்கிலம் எங்கே தேவைப்படப் போகிறது என்று யோசியுங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு ஆங்கிலம் இந்த நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். திருகோணமலைச் சந்தையில் மூன்று சமூகத்தவரையும் இணைப்பது கொஞ்சம் சிங்களமும் கொஞ்சம் தமிழும் கலந்த ஒரு பேச்சுத்தான், ஆங்கிலத்தை அங்கே யாரும் தேடுவதில்லை. ஆங்கிலம் தேவைப்படுவது பல்கலைக்கழகத்தின் முதல் வருடத்தில், நேர்முகப் பரீட்சையில், கணினித் திரையில். அங்கே முதல் அடி வாங்குவது வாசிப்பு. பேச்சு அதற்கு அடுத்ததுதான். ஆகவே கதைக்கப் பழக்குங்கள், ஆனால் வகுப்பின் முதுகெலும்பை வாசிப்பாக வையுங்கள் என்பது என் கருத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தமிழில் விளக்கலாமா என்ற கேள்விக்குப் பதில், தாராளமாக விளக்கலாம். சில இடங்களில் வகுப்புக்குள் தமிழ் கதைத்தால் பத்து ரூபாய், இருபது ரூபாய் தண்டம் வாங்குகிறார்கள். அதில் பிள்ளை கற்பது வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும்தான். 'அம்ப்ரெல்லா' என்றால் என்ன என்று கையைக் காலை ஆட்டி ஐந்து நிமிடம் நடிப்பதைவிட "குடை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தை அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் பாவிக்கச் செலவழிப்பது லாபம். தமிழ் கெடுதல் செய்கிற இடம் வேறு. ரீடரில் ஒரு வரி வாசித்து, தமிழில் சொல்லி, அடுத்த வரி வாசித்து, தமிழில் சொல்லி என்று போகிற பழக்கம் இருக்கிறதே, அதில் பிள்ளையின் காது தமிழ் வரிக்காகவே காத்திருக்கும். ஆங்கில வரி வந்தால் தூங்கிவிடும். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் சொல்கிற முறை எளிது. புது வசனம் வந்தால் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், தாழ்ந்த குரலில் தமிழில் ஒரு தடவை, உடனே திரும்ப ஆங்கிலத்தில். அடுத்த தடவை தமிழை விட்டுவிடுங்கள். அப்புறம் தமிழை எதிர்த்திசையில் பாவியுங்கள். நீங்கள் தமிழில் ஒரு வசனம் சொல்ல, பிள்ளை யோசிக்க நேரமில்லாமல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம், வேகமாக. நம் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்பது இந்த விளையாட்டில் அப்பட்டமாகத் தெரியும்.

"எனக்கு" என்று தொடங்கும் வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பசிக்கிறது: ஐ ஆம் ஹங்ரி. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்: ஐ ஹாவ் அ பிரதர். எனக்கு நீந்தத் தெரியும்: ஐ கேன் ஸ்விம். எனக்கு மாம்பழம் பிடிக்கும்: ஐ லைக் மாங்கோஸ். எனக்குப் போக வேணும்: ஐ வோன்ட் டு கோ. தமிழில் ஐந்திலும் ஒரே 'எனக்கு'. ஆங்கிலத்தில் ஐந்திலும் 'ஐ' வந்து குந்திவிடுகிறது, வினை மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. 'ஹாவ்', 'ஆம்', 'கேன்' மூன்றையும் தனித்தனிப் பாடமாக மூன்று மாத இடைவெளியில் படித்த பிள்ளைக்கு இது ஒருபோதும் புலப்படாது. தமிழிலிருந்து தொடங்கி ஒரே பாடத்தில் வரிசையாக வைத்தால் ஒரு சனிக்கிழமையில் விளங்கிவிடும். ஆங்கிலேயருக்காகவோ ஐரோப்பியருக்காகவோ எழுதிய கிராமர் புத்தகத்தில் இப்படி ஒரு பாடம் இருக்காது. இதை நாம்தான் செய்ய வேண்டும்.

இதே போல இன்னும் சில இடங்கள் உண்டு. தமிழில் வினையின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் "வந்தேன்" என்றால் போதும். ஆங்கிலத்தில் எழுவாயை விட முடியாது. "நேற்று வந்த பெடியன்" என்று நாம் முன்னால் வைக்கும் விளக்கத்தை ஆங்கிலம் பின்னால் இழுத்துப் போடும். "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று நாம் தமிழிலேயே சொல்வதில்லை, ஆனாலும் ஆங்கிலத்தில் எல்லா வினையோடும் 'இங்' ஒட்டி 'ஐ ஆம் நோவிங்' என்பார்கள். இதற்கெல்லாம் ஒவ்வொரு கால்மணி நேரம் போதும், நீட்ட வேண்டாம். பிரசன்ட் பெர்ஃபெக்ட்டைத் தரம் 10க்கு முன்னால் இழுத்துப் போட்டு மல்லுக்கட்டவே வேண்டாம்.

நீட்ட வேண்டிய ஓர் இலக்கணம் இருக்கிறது என்றால் அது கேள்வி கேட்பது. பாடசாலையில் கேள்வி கேட்பவர் எப்போதும் ரீச்சர். வினாத்தாளில் கேட்பது பரீட்சைத் திணைக்களம். பிள்ளை ஒன்பது வருடமாகப் பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே கேள்வி அமைக்கவே வராது, அதனால் யாரோடும் ஓர் உரையாடலைத் தொடங்கவும் வராது. தமிழில் வசனத்தின் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் கேள்வி. வருகிறாய், வருகிறாயா. ஆங்கிலத்தில் அந்த அடையாளம் முன்னால் போய் நிற்கிறது. 'ஆர் யூ', 'டூ யூ', 'டிட் யூ', 'கேன் யூ' என்ற நான்கு தலைகளையும் தூக்கத்திலும் வரும்வரை பழக்குங்கள். 'டிட் யூ வென்ட்' என்ற பிழை கட்டாயம் வரும். 'டிட்' வந்துவிட்டால் வினை அதன் மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும் என்று ஒரு தடவை சொல்லுங்கள், மிச்சத்தைப் பயிற்சி பார்த்துக்கொள்ளும்.

பயிற்சிக்கு ஒரு விளையாட்டு. ஒரு பிள்ளை திருகோணமலையில் ஓர் இடத்தை மனதில் நினைக்க வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறு, கோணேசர் கோயில், கிண்ணியாப் பாலம், புறாத்தீவு, பஸ் நிலையம், எதுவானாலும் சரி. மற்றவர்கள் ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்க வேண்டும். 'இஸ் இட் நியர் த சீ?', 'கேன் யூ ஸ்விம் தேர்?', 'டூ யூ பை அ டிக்கெட்?', 'கேன் யூ சீ டியர் தேர்?' மான் என்றதும் பிரெட்ரிக் கோட்டையா, கடற்கரையா என்று சண்டை தொடங்கும். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அந்தச் சண்டை நடக்கட்டும், தடுக்க வேண்டாம். ஒரு மணித்தியாலத்தில் ஒரு பிள்ளை பாடசாலையில் ஒரு வருடத்தில் கேட்டதைவிட அதிகமான ஆங்கிலக் கேள்விகளைக் கேட்டிருக்கும்.

அடுத்தது உச்சரிப்பு. லண்டன் உச்சரிப்பைத் துரத்த வேண்டாம், இலங்கையர் கதைக்கும் ஆங்கிலம் உலகத்தில் யாருக்கும் நன்றாக விளங்கும். விளங்காமல் போகிற இடங்கள் சில உண்டு, அவற்றில் மட்டும் கை வையுங்கள்.

பிள்ளைகளின் ரீடரைத் திறந்து பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருப்பார்கள். இரக்கமாக இருக்கும், ஆனால் அதை அழிக்கச் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதினால் பன்றியும் 'பிக்', பெரியதும் 'பிக்'. போடுகிற கோட்டும் 'கோட்', மேய்கிற ஆடும் 'கோட்'. நம் எழுத்தில் ப, க, ட எல்லாம் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுபவை. ஒரே இடத்தில் இரண்டு ஒலியையும் பிரித்துக் காட்ட அதற்கு வழியில்லை. ஆங்கிலத்தில் அந்த வித்தியாசம்தான் பொருளையே மாற்றுகிறது. சோடி சோடியாகச் சொல்லி, முதலாவதா இரண்டாவதா என்று விரல் காட்டச் சொல்லுங்கள். முதலில் காது பழகட்டும், வாய் பின்னால் வரும். 'வெஸ்ட்' என்று நாம் ஒரே மாதிரி எழுதும் மேற்கும் உள்ளுடுப்பும் அதே கதைதான். ஒன்றுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், மற்றதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். ஒரு சிறு கண்ணாடி கொண்டுபோனால் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பழகுவார்கள்.

இறந்தகால வாலையும் கவனியுங்கள். 'வோக்கெட்', 'ப்ளேயெட்' என்று எல்லாவற்றுக்கும் ஓர் அசை கூட்டுவார்கள். வினை ஏற்கெனவே 'ட்' ஒலியில் முடிந்தால் மட்டுமே அசை கூடும், 'வோன்டெட்' போல. மற்றவற்றில் 'வோக்ட்', 'ப்ளேய்ட்' என்று ஒரு மெய் ஒட்டினால் போதும். இது இரண்டு நிமிட விதி. பல பேருக்கு டிப்ளோமாவிலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் அழுத்தம். தமிழில் அசைகளை ஏறக்குறைய சமமாக உச்சரிக்கிறோம். ஆங்கிலம் ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் நீட்டி உரத்துச் சொல்லி, மற்றவற்றை விழுங்கிவிடும். 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் அழுத்தம், 'போட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவதுக்குத் தாவிவிடும். 'கம்ஃபர்டபிள்' என்று நாம் நிறுத்தி நிறுத்திச் சொல்வதை அவர்கள் 'கம்ஃப்டபிள்' என்று முடித்துவிடுவார்கள். டிவியில் ஆங்கிலச் செய்தி வேகமாகப் போகிறது என்று பிள்ளைகள் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். தெரிந்த சொல்லே விழுங்கப்பட்டு வருவதால் காதுக்குப் புதுச் சொல்லாகத் தோன்றுகிறது. புதுச் சொல் எழுதும்போதெல்லாம் அழுத்தமான அசைக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள், மேசையில் தட்டிச் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பு கொஞ்சம் மேளக் கச்சேரி போல இருக்கும், பரவாயில்லை.

இப்போது வாசிப்பு. மைக்கேல் வெஸ்ட் என்றொரு ஆங்கிலேயர் 1920களில் டாக்காவில் கல்வித்துறையில் வேலை செய்தார். வங்காளப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சில வருடங்களிலேயே படிப்பை விட்டுவிடுவதைப் பார்த்தவர். இடையில் விட்டுப்போகிற பிள்ளையின் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டார். அரைகுறைப் பேச்சு மறந்துபோகும், வாசிக்கத் தெரிந்தால் அது மிஞ்சும், தானாக வளரவும் செய்யும் என்பது அவர் முடிவு. அதற்காக எண்ணிக்கை வைத்துச் சொற்களைக் கட்டுப்படுத்தி இலகு வாசிப்பு நூல்களை எழுதினார். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சுமார் 2000 சொற்களின் பட்டியல் ஒன்றையும் 1953இல் வெளியிட்டார். இன்று கடையில் 'லெவல் 1', 'லெவல் 2' என்று வரும் கதைப்புத்தகங்கள் எல்லாம் அந்தப் பரம்பரைதான். நம்மூர்ப் பிள்ளைகளும் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சையுடன், சிலர் அதற்கு முன்னாலேயே, விட்டுப்போகிறார்கள். அவருடைய கேள்வி நம் ஊருக்கும் பொருந்துகிறது.

இன்னொன்று பீஜித் தீவில் நடந்தது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் 1980களின் தொடக்கத்தில் கிராமப் பாடசாலைகளின் தரம் 4, 5 வகுப்புகளுக்குப் படம் போட்ட ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் சுமார் 250 கொடுத்தார்கள். சில பாடசாலைகளில் பிள்ளைகள் சும்மா வாசித்தார்கள், சிலவற்றில் ஆசிரியரோடு சேர்ந்து வாசித்தார்கள். மற்றப் பாடசாலைகளில் வழக்கமான பாடம். எட்டு மாதத்தில் புத்தகம் கிடைத்த பிள்ளைகள் வாசிப்பிலும் கேட்டு விளங்குவதிலும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேறினார்கள். இரண்டாம் வருடத்தில் எழுத்திலும் அது தெரிந்தது. பேச்சு மொழி வேறாக, கையில் புத்தகம் குறைவாக இருந்த பிள்ளைகள் அவர்கள். நம் நிலைமை அதிலிருந்து பெரிதாக வேறுபட்டதில்லை.

வகுப்பில் எப்படிச் செய்வது? ஒவ்வொரு வகுப்பிலும் இருபது நிமிடம் வாசிப்புக்கென்றே ஒதுக்குங்கள். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் ஒரு கதையை உரத்து வாசிக்க, பிள்ளைகள் விரல் வைத்துத் தொடரட்டும். பிறகு ஆளுக்கொரு புத்தகம், மௌனமாக. முடிந்ததும் வினா விடை வேண்டாம். "நல்லா இருந்ததா, இல்லையா" மட்டும் போதும். கேள்வி கேட்டால் அது பாடமாகிவிடும், வாசிக்கிற ருசி போய்விடும். புத்தகம் பிள்ளைக்கு லேசாக இருக்க வேண்டும். அகராதி இல்லாமல் ரசித்து வாசிக்க நூறு சொல்லில் இரண்டுக்கு மேல் தெரியாத சொல் இருக்கக்கூடாது என்பது ஆய்வாளர்கள் சொல்கிற அளவு. ஒரு பக்கம் வாசிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வேறு எடுக்கலாம்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்பீர்கள். முதல் இடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அரசு இலவசமாகக் கொடுத்த தரம் 3, 4, 5 ஆங்கிலப் பாடநூல்கள் வீட்டு மூலைகளில் கிடக்கும், சேகரியுங்கள். தரம் 8 பிள்ளை தரம் 4 புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வெட்கப்படும், பேப்பரால் உறை போட்டு இலக்கத்தை மறைத்துவிடுங்கள். கொழும்பில் டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. யாராவது இரவு ரயிலில் போய் வரும்போது சிறுவர் கதைகளாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லலாம். போன் இருந்தால் ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் நிலை பிரித்த சிறுவர் கதைகளை இலவசமாக வைத்திருக்கிறார்கள். பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பலவீனமான பிள்ளை முதலில் தமிழில் வாசித்துவிட்டு அதே கதையை ஆங்கிலத்தில் வாசிக்கலாம். கதை தெரிந்திருப்பதால் சொற்கள் தாமாகவே பிடிபடும்.

பேச்சுக்கு வருவோம். பிள்ளைகள் வாய் திறக்காததற்கு ஆங்கிலம் போதாதது ஒரு காரணம், பகிடி இன்னொரு காரணம். ஒருத்தி எழும்பி நின்று 'ஷீ கோ டு ஸ்கூல்' என்றதும் பின்வாங்கில் சிரிப்பு வரும். அந்தப் பிள்ளை அடுத்த ஆறு மாதத்துக்கு வாய் திறக்காது. சிரித்தவனை எழுப்பி "நீ சொல்லு பார்ப்போம்" என்று தண்டிக்கிற ரீச்சர்மார் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஆங்கிலம் கதைப்பதே தண்டனை என்று வகுப்புக்குப் பதிந்துவிடும். ஒருவரையும் எழுப்பி நிறுத்தாதீர்கள். எல்லோரையும் சோடியாக இருத்தி ஒரே நேரத்தில் கதைக்க விடுங்கள். சத்தத்தில் யார் பிழையும் யாருக்கும் கேட்காது. அக்கம்பக்கத்து வீட்டார் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

சோடிப் பயிற்சியில் மிகவும் பலன் தந்தது ஒன்று. ஒரு சிறு தலைப்பு, உதாரணமாக "நேற்றுப் பின்னேரம் நான் செய்தது". ஒரு பிள்ளை அதை ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். அப்புறம் சோடி மாறி, அதே கதையை இன்னொருவருக்கு 45 விநாடியில். மூன்றாவது ஆளுக்கு 30 விநாடியில். பெரியவர்களுக்கு இதையே நான்கு, மூன்று, இரண்டு நிமிடமாகச் செய்வார்கள். விஷயம் ஒன்றே, ஆள் மட்டும் புதிது. மூன்றாவது தடவை சொல்லும்போது தயக்கம் குறைந்து வசனங்கள் ஓடத் தொடங்குவதை நீங்களே கேட்கலாம். படகுப் பெடியனுக்குச் சீசன் முழுக்கக் கிடைக்கிற மறுபடி மறுபடி சொல்லும் வாய்ப்பை இது கால்மணி நேரத்தில் கொடுக்கிறது. பிள்ளைகளை உண்மையான சுற்றுலாப் பயணிகளிடம் கூட்டிப்போய்க் கதைக்க வைப்பதை நான் விரும்புவதில்லை. அவர்கள் ஓய்வுக்கு வந்தவர்கள், பிள்ளைகளின் பாதுகாப்பும் இருக்கிறது.

கதைக்கும்போது இடையில் திருத்த வேண்டாம். சுற்றி வந்து காதில் விழுந்த பிழைகளைக் குறித்து, கடைசியில் மூன்றை மட்டும் போர்டில் எழுதுங்கள். யார் சொன்னது என்று சொல்லக்கூடாது, வகுப்பே திருத்தட்டும். வார நாளில் ஒரு தடவை, வட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பச் சொல்லலாம். நான்கு தடவை பதிந்து அழித்துவிட்டுத்தான் ஐந்தாவதை அனுப்புவார்கள். அந்த நான்கும் இலவசப் பயிற்சி.

சொல்வளத்துக்கு ஒன்றே ஒன்று: ஒரு நாளில் இருபது சொல்லைப் பாடமாக்குவதைவிட ஐந்து சொல்லை அன்றைக்கும், மறுநாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் கேளுங்கள். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்மேல் பரீட்சித்து எழுதிவிட்டார்.

பெற்றோரிடம் ஓ.எல். பற்றித் தெளிவாகப் பேசுங்கள். அது எழுத்துப் பரீட்சை, பேச்சுக்கு அதில் புள்ளி கிடையாது. அறிவித்தல், கடிதம், படத்தையோ வரைபையோ பார்த்து எழுதும் பந்தி, வாசித்து விளங்குதல் இவைதான் வரும். தரம் 6 பிள்ளைக்குப் பாஸ்ட் பேப்பர் கொடுப்பதில் ஒரு பலனும் இல்லை. தரம் 10இன் கடைசித் தவணையில் தொடங்கினால் போதும். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்குப் பேப்பர் பாணியைப் பழக்க ஒரு வருடம் தாராளம். வாசிக்காத பிள்ளைக்கு நான்கு வருடப் பேப்பரும் உதவாது. ஏ.எல்.-இல் வரும் பொது ஆங்கிலம் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோருக்குச் சேராது என்பதால் அந்த வயதில் யாரும் அதைச் சீண்டுவதில்லை. எனவே உங்களுக்குக் கிடைத்திருக்கும் இந்த 6 முதல் 10 வரையான வயதுதான் நல்ல காலம்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கிடையில் பயம் தெரிகிறது. பிள்ளைகளுக்கு முன்னால் தப்பில்லாமல் கதைக்கும் அளவு எளிய வசனங்களில் கதையுங்கள். 'ஓப்பன் யுவர் புக்ஸ்', 'லிஸன்', 'டோக் டு யுவர் ஃபிரெண்ட்', 'ஹூ இஸ் ரெடி?' போன்ற வகுப்பறை வசனங்கள் முப்பது இருந்தால் வகுப்பை ஆங்கிலத்திலேயே நடத்தலாம். நீங்களும் பிள்ளைகளோடு அந்த இருபது நிமிடத்தில் உங்கள் நிலைக்கு ஏற்ற ஒரு நாவலை வாசியுங்கள். அந்த நேரத்தில் மார்க்ஸ் போடுவது, போன் பார்ப்பது வேண்டாம்.

கடைசிக் கேள்வி, எல்லாத் தரத்தையும் ஒன்றாக இருத்தலாமா. தரத்தைப் பார்க்காதீர்கள், வாசிப்பைப் பாருங்கள். முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, தரம் 5 புத்தகத்தில் ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். மூன்று கூட்டமாகப் பிரிவார்கள். ஓடி வாசிப்பவர்கள், எழுத்துக் கூட்டுபவர்கள், எழுத்தே தெரியாதவர்கள். மூன்றாவது கூட்டம் தரம் 9இலும் இருக்கும், அதிர்ச்சி அடைய வேண்டாம். முதல் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாக வைத்து, வலிமையான பிள்ளைக்குப் பக்கத்தில் பலவீனமான பிள்ளையை இருத்தலாம். மூன்றாவது கூட்டத்தை மட்டும் அரைமணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, எழுத்துப் பெயர்களை விட்டுவிட்டு ஒலிகளில் தொடங்குங்கள். 'ஏ, பீ, சீ' என்று பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'கேட்' என்று பூனையைக் கூட்டி வாசிக்கத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், பெயர்களைச் சேர்த்தால் அந்தச் சொல் வராது என்பதுதான். ஒரு கிழமைக்கு நான்கைந்து ஒலி, அந்த ஒலிகளால் மட்டும் ஆன சிறு சொற்கள். இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலோர் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த அரைமணிக்குக் காசு வாங்காதீர்கள். கட்டணம் கேட்டால் அந்த வீடுகளில் இருந்துதான் முதலில் பிள்ளைகளை நிறுத்துவார்கள்.